இல்லாததைச் சொல்லும் இங்கிலீஷ்

எனக்குப் பத்து வயதாயிருந்தபோது என் அப்பாவுக்கு நான் இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக் கொடுத்தேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அப்பா ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவர் வகுப்புக்குள் நுழைந்தால் பையன்கள் மூச்சு விடமாட்டார்கள். இங்கிலீஷ் ஆசிரியர் பரீட்சை என்றால் மட்டும் அவருக்கே மூச்சு முட்டும். முன்பு ஒருமுறை எழுதிக் கோட்டை விட்டிருந்தார். இந்த முறையும் விட்டால் வயது தாண்டிவிடும். நானோ வாவிக்கு அக்கரையில் மிஷன் பெண்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பறங்கி ஆசிரியை மீன்காரனோடுகூட இங்கிலீஷில்தான் சண்டை போடுவார். ஆகவே வீட்டில் இங்கிலீஷுக்கு நான்தான் அதிகாரி.

அப்பா தடுக்கி விழுந்த இடம் ஒன்றே ஒன்றுதான். இல்லாத ஒன்றை, நடக்கவே முடியாத ஒன்றை, அப்படி இருந்தால் என்று நினைத்துச் சொல்லும்போது இங்கிலீஷ்காரன் ‘ஐ வோஸ்’ என்பதில்லை, ‘இஃப் ஐ வேர்’ என்பான். ஒரு ஆளுக்கு எப்படி ‘வேர்’ வரும், அது பலருக்கு உரியதல்லவா என்று அப்பா என்னோடு வாதாடினார். ஆசிரியை சொன்னதை நான் அப்படியே ஒப்புவித்தேன்.

“உண்மையில்லாததுக்கு அப்பிடித்தான் வரும் அப்பா.”

பொய்க்கு இவ்வளவு மரியாதையா என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து நடக்கத் தொடங்குவார்.

உட்கார்ந்து படிக்க அவரால் ஆகாது. கிணற்றடியிலிருந்து வேலிப் படலைக்கு, படலையிலிருந்து கிணற்றடிக்கு. இஃப் ஐ வேர் எ கிங், இஃப் ஐ வேர் எ பேர்ட். ஆவதற்கு ஒன்றும் கிடைக்காமல் போனால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் பின்னால் ஓடியபடியே மீன் என்பேன், கவர்னர் என்பேன். அப்பா மீனாவார், கவர்னராவார். அவர் அப்படி நடந்தால் வீட்டில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளாது. அம்மா அரிசி புடைக்க உட்காருவாள், பாதியில் எழும்பி அடுப்பைப் பார்ப்பாள், எதற்கு எழும்பினோம் என்பது மறந்து போய் மறுபடி வந்து உட்காருவாள். எனக்கும் சோறு இறங்காது.

இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பெரியம்மா கவனித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வரவேண்டும். எங்கள் வீடு அம்மாவின் சீதனம், அடுத்த வளவு அவள் அக்காவான பெரியம்மாவின் சீதனம். அப்பா பெட்டியோடு வந்தவர். வந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்குத்தானே பழி.

“தங்கச்சி, இந்த மனிசனுக்கு ஆரோ என்னமோ செய்திரிக்காங்க கா” என்று சொல்லி ஒரு நாள் பின்னேரம் பேயோட்டும் பரிகாரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பரிகாரி வேலியோரம் நின்று அப்பாவின் வாயையே வெகுநேரம் பார்த்தார். எந்தப் பேய்க்கும் உரிய பாஷையாக அவருக்கு அது படவில்லை. கடைசியில், இது கடல் கடந்து வந்தது, இலேசில் இறங்காது என்று தீர்ப்புச் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லைதான். அப்பாவின் மணிக்கட்டில் ஒரு நூல் ஏறியது. பரீட்சைக்கும் உதவட்டுமே என்று அப்பா பேசாமல் கையை நீட்டினார்.

பரிகாரி போன பிறகு அம்மா பெரியம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். பேயுமில்லை பிசாசுமில்லை, பரீட்சைக்குப் படிக்கிறார். பாஸ் பண்ணினால் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும், அது எங்கோ மலைநாட்டில், பதுளையில்.

“பதுளைக்கா!” பெரியம்மா நெஞ்சில் கை வைத்தாள். “பேய் பிடிச்சிரிந்தாலும் பரவாயில்லயே.”

மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் எங்களைப் பற்றிக் கதை கட்டுவது பெரியம்மாவுக்குத் தெரியாததல்ல. அந்தப் பேரைக் காப்பாற்றுவதென்றே முடிவு செய்தாள் போலும். பரீட்சைக்கு முந்திய நாள் காலையில் இன்னொரு நூலோடு வந்தாள். அவருடைய பாய்க்கு அடியில் வைத்தால் போதுமாம், மனிதர் படலையைத் தாண்டமாட்டாராம். அம்மா அதை வாங்கிக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அடுப்புக்குள் போட்டுவிட்டாள்.

“கட்டி வெச்சாத்தான் நிப்பார் எண்டா, அப்பிடி நிக்கிற மனிசன் எனக்கு வேணாம் அக்கா.”

பெரியம்மா கோபித்துக்கொண்டு போனாள். எனக்கும் அம்மாமேல் கோபம்தான். அப்பா போகக்கூடாது என்று உள்ளுக்குள் ஒரு பக்கம் அழுதேன். என் மாணவர் பெயில் ஆகிவிடக்கூடாது என்று இன்னொரு பக்கம் சாமி கும்பிட்டேன். சாமி இரண்டாவதைக் கேட்டுக்கொண்டது.

அப்பா பாஸ். பதுளைக்கு வரச்சொல்லி உத்தரவு வந்த அன்று அவர் நடக்கவே இல்லை. குசினி வாசலில் வந்து அசையாமல் நின்றார்.

“நீயும் வாவன்” என்றார் அம்மாவிடம்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்துவிட்டது.

“வீட்டப் போட்டுட்டுப் புருசனுக்குப் பின்னால போன பொம்புள நம்மட குடியில ஆரு இரிக்கா?”

ஒருத்தியும் இல்லை. அம்மாவுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். வெறும் வீட்டில் விளக்கு வைக்க ஆள் இல்லாமல் போனால் அது குடிக்கே ஆகாது. அம்மா குனிந்து மீன் வெட்டத் தொடங்கினாள். அப்பா இரண்டாம் முறை கேட்கவில்லை.

அடுத்த கிழமை செங்கலடிச் சந்திக்கு வண்டியில் போய் அப்பாவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அம்மா படலையோடு நின்றுவிட்டாள். நான் திரும்பி வந்தபோது முற்றம் கூட்டாமல் கிடந்தது. அம்மா கிணற்றடியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“மகள், இங்கிலீசில ஒரு வசனம் சொல்லித் தா” என்றாள். “இந்த வீடு என்ட இல்லாட்டி. இத எப்பிடிச் சொல்ற?”

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு மாணவர் போனால் இன்னொரு மாணவி.

“இஃப் திஸ் ஹவுஸ் வேர் நொட் மைன்.”

அம்மா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அப்பாவிடம் அவ்வளவு நாள் முரண்டு பிடித்த சொல் அவள் வாயில் முதல் தடவையே சரியாக வந்தது. நான் கைதட்டினேன்.

“அரைவாசிதான் சொல்லியிருக்கீங்க. மிச்சத்தையும் சொல்லணும். இல்லாட்டி என்ன?”

அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். நான் விடவில்லை. அரை வசனத்துக்கு எங்கள் ஆசிரியை முட்டைதான் போடுவார் என்று பின்னால் நின்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் தெருவிலேயே நல்ல வீடு, நாளைக்கு எனக்கென்று வரப்போகிற வீடு, அதைத் தன்னுடையது இல்லையென்று நினைத்துப் பார்க்க அம்மாவுக்கு என்ன பைத்தியமா?