சாம்பிள் சைஸ் பூட்ஸ்

போன வருஷம் வெயில் ஏற ஆரம்பித்த சமயத்தில், வேலூருக்குப் பக்கத்தில் ஒரு காலேஜ் கிரவுண்டில் நடந்தது இது. காலேஜ் என்றதும் நான் ஏதோ படித்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பதாவதில் கணக்கு வாத்தியாரும் நானும் இனிமேல் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதே இரண்டு பேருக்கும் நல்லது என்று முடிவு செய்துகொண்டோம். இப்போது ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. வெளிநாட்டுக்காரன் போட்டுக்கொள்ளும் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிறேன். எனக்கு ரப்பர் செருப்புதான்.

கம்பெனியில் எங்களுக்கு ஒரு ஃபுட்பால் டீம் உண்டு. கேப்டனை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். மேல்விஷாரத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். பந்து என்றால் பிரியாணியைக்கூட பாதியில் வைத்துவிட்டு எழுந்து வருவார். டீம் இருந்ததே தவிர எங்களுக்கு கிரவுண்டு இல்லை. தோல் பதனிடும் ஒரு ஷாப்புக்குப் பின்னால் தோல் காயப்போடும் காலி இடத்தில் சின்ன வயசிலிருந்து வெறுங்காலில் ஆடிக்கொண்டிருந்தோம். அங்கேயும் வேலி போட்டு குடோன் கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் பாய் ஒவ்வொரு ஸ்கூலாக, காலேஜாகப் போய், "ஞாயித்துக்கிழமை மட்டும் குடுங்க சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாதி இடத்தில் வாட்ச்மேனைக்கூடத் தாண்ட முடியவில்லை. ஆட இடமில்லாமல் பசங்க ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டால் டீமே இருக்காது.

அப்போதுதான் அந்தக் காலேஜிலிருந்து பி.டி. சார் பாயைக் கூப்பிட்டு அனுப்பினார். கூடவே நானும் போனேன்.

அங்கே வராண்டாவில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருந்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய காலேஜ் டீம். எல்லோரும் வெறுங்கால், எல்லோர் மூஞ்சியிலும் கோபம். அந்த சீசன் முழுக்க ஊர் ஊராக மாட்டு வண்டியில் போய்த் தோற்றுவிட்டு வந்தார்களாம். கடைசி மேட்ச் வெள்ளைக்காரப் பட்டாளத்து டீமோடு. அவர்கள் காலில் பூட்ஸ், இவர்களுக்கு அது வாங்க வழியில்லை. அதில் மட்டும் ஒன்றுக்கு சைபர் என்று இவர்கள் ஜெயித்துவிட்டார்கள். அந்த மேட்சை அப்படியே திரும்ப ஆடிக் காட்டப் போகிறார்களாம். சீஃப் கெஸ்ட் வருகிறாராம்.

"எங்க பசங்க வெறுங்கால்ல ஆடுவாங்க. நீங்கதான் பட்டாளம். பூட்ஸ் உங்க கம்பெனியிலயே செஞ்சுக்குங்க" என்றார் பி.டி. சார். அப்புறம் குரலை இறக்கினார். "ஒண்ணுக்கு சைபர்னு தோத்துக் குடுத்துடுங்க. பசங்களுக்கு இது தெரிய வேணாம். ஞாயித்துக்கிழமை காலையில கிரவுண்டு உங்களுக்கு."

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: "தோத்தா கிரவுண்டா? முன்னாடியே சொல்லியிருந்தா எத்தினி மேட்ச் தோத்திருப்போம் பாய்!"

"நாம இத்தினி நாளா ஓசியிலயேதான்டா தோத்துனு இருக்கோம்" என்றார் பாய். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பூட்ஸ் செய்யும் வேலையை எங்கள் சாம்பிள் ரூமில் கொடுத்தோம். புது மாடல் வந்தால் முதலில் ஒன்று இரண்டு ஜோடி செய்து பார்க்கும் ரூம் அது. மேனேஜர் கழிவுத் தோலைக் கொடுத்தார். பழைய போட்டோவைப் பார்த்து, கணுக்கால் வரைக்கும் ஏறும் பூட்ஸ், முனையில் கெட்டித் தோல், அடியில் தோல் கட்டைகள் என்று பிரமாதமாகச் செய்துவிட்டார்கள். மேட்ச் அன்றைக்குத்தான் மூட்டையைப் பிரித்தோம். பதினோரு ஜோடியும் எட்டாம் நம்பர்! சாம்பிள் ரூமில் எப்போதும் அந்த ஒரே சைஸில்தான் செய்வார்கள். கால் அளவு கேட்க வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. ஷூ செய்து பிழைக்கிற ஊர்!

கோல் காக்கும் எங்கள் கோலிக்குப் பத்தாம் நம்பர் கால். "பூட்ஸ் என்னைப் போட்டுனு இருக்குதுடா" என்று அழுதான். எனக்கு ஆறாம் நம்பர். இரண்டு காலிலும் வேஸ்ட் துணியைத் திணித்து லேஸை இறுக்கினேன். நடந்தால் வாத்து மாதிரி இருந்தது.

எதிர்ப்பக்கம் நிலைமை இன்னும் மோசம். காலேஜ் பசங்க எல்லோரும் கடைப் பூட்ஸில் பழகியவர்கள். மூன்று மணி வெயிலில், ஓரத்தில் ஜல்லியும் நடுவில் நெருஞ்சி முள்ளும் இருக்கிற கிரவுண்டில், கோயிலில் தீ மிதிக்கிறவர்கள் மாதிரி நின்றார்கள். வெறுங்காலில் ஆடியே வளர்ந்த நாங்கள் பூட்ஸில், பூட்ஸை விட்டு இறங்காதவர்கள் வெறுங்காலில்.

அவர்கள் கேப்டனை எனக்கு லீக் மேட்சில் ஏற்கெனவே தெரியும். சாக்ஸை முட்டி வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு, ஒரு மடிப்பு கலையாமல் ஆடுவான். சாக்ஸ் என்று பேர் வைத்ததே நான்தான். அன்றைக்கும் விடவில்லை.

"டேய் சாக்ஸ், இன்னாடா காலு இவ்ளோ வெள்ளையா இருக்குது? இன்னைக்குத்தான் வெளிய எடுத்தியா?"

"உன் பூட்ஸ மொதல்ல பாரு. உள்ள யாரையாச்சும் வாடகைக்கு விட்டிருக்கியா?" என்றான்.

பரவாயில்லை, பேசத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மேட்ச் ஆரம்பித்தது. அந்தக் காலேஜ் தமிழ் ஐயா ஒருவர் மைக்கைப் பிடித்து, அன்று என்ன நடந்தது என்று எழுதி வைத்ததை வாசித்துக்கொண்டே இருந்தார். "புலியெனப் பாய்ந்தனர் நம் வீரர்கள்!" என்று அவர் முழங்கும்போது, புலிகளில் இரண்டு பேர் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "பரங்கியர் படை பதறியது!" என்றபோது எங்கள் கோலி கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி நின்றான்.

நாங்கள் தோற்கத் தயாராக இருந்தோம். ஆனால் அவர்களுக்கு கோல் போடத் தெம்பில்லை. எங்கள் ஆட்கள் ஒதுங்கி வழி விட்டாலும், பந்து வந்து சேர்வதற்குள் அவர்கள் நொண்ட ஆரம்பித்துவிடுவார்கள். பாதி நேரம் வரைக்கும் சைபருக்கு சைபர்.

இரண்டாவது பாதியில்தான் வினை வந்தது. பந்து என்னிடம் வந்தது. எனக்கு முன்னால் யாரும் இல்லை. கோலுக்கு ரொம்ப மேலே தூக்கி அடித்துவிடலாம் என்று நினைத்து ஓங்கி உதைத்தேன். மேலே போனது பந்து இல்லை, என் பூட்ஸ். உள்ளே இருந்த வேஸ்ட் துணி வால் மாதிரி பறக்க, அது நேராக அவர்கள் கோலியை நோக்கிப் போனது. அந்தப் பையன் பயந்துபோய் அதைப் பிடித்தான், நல்ல கேட்ச்தான். பந்து சாவகாசமாக உருண்டு, அவன் பக்கமாக உள்ளே போய்விட்டது.

மைக் நின்றுவிட்டது. தமிழ் ஐயா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரெஃப்ரி யோசித்துவிட்டு கோல் என்று கை காட்டினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே திரும்பினேன். பாய் சிரிக்கவில்லை.

"இன்னாடா பண்ணி வெச்சே" என்றார். திட்டக்கூட இல்லை. என் பூட்ஸை அவரே எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

பி.டி. சார் கோட்டோரமாக ஓடி வந்தார். "ரெண்டு கோல் விட்ருங்க. சீக்கிரம்!" என்று பாயைப் பார்த்துக் கத்தினார். பாய் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். சார் கத்தியது சாக்ஸ் காதிலும் விழுந்துவிட்டது.

அடுத்த முறை அவன் பந்தோடு வந்தபோது நான் ஒதுங்கினேன். அவன் பந்தின் மேல் காலை வைத்து நின்றுவிட்டான்.

"இன்னா விட்ருங்கன்றாரு? தோத்துக் குடுக்க வந்தீங்களா?"

"ஆமா. குடுத்தாதான் எங்களுக்கு ஞாயித்துக்கிழமை கிரவுண்டு. போ, போய் அடி."

"எனக்கு யாரும் சொல்லல" என்றான். மூஞ்சி சுருங்கிவிட்டது. அப்போதுதான் அவன் காலைப் பார்த்தேன். கட்டை விரல் நகம் பாதி பெயர்ந்து, விரல் முழுக்க ரத்தமும் மண்ணுமாக இருந்தது. இவ்வளவு நேரம் அந்தக் காலோடுதான் ஓடியிருக்கிறான். "இதுக்காடா நான் இப்டி ஓடினேன்? ஒழுங்கா ஆடறதுன்னா ஆடு. இல்லன்னா நான் வெளிய போறேன்."

பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பக்கத்தில் வந்து, அந்தப் பையனுடைய காலைக் குனிந்து பார்த்தார். அந்த கிரவுண்டுக்காக எத்தனை வாசலில் நின்ற மனுஷன். "போய்யா, உனக்கென்ன, உங்க கிரவுண்டு" என்று சொல்லியிருக்கலாம்.

"ஆடுங்கடா" என்றார் பாய். "எவனும் ஒதுங்கக் கூடாது."

அப்புறம் நடந்ததுதான் மேட்ச். எட்டாம் நம்பர் பூட்ஸும் முள் குத்தின காலும் மோதிக்கொண்டன. யாரும் யாரையும் விடவில்லை. நான் இரண்டு தடவை சாக்ஸிடம் பந்தைப் பிடுங்கினேன். மூன்றாவது தடவை என்னைச் சுற்றிப் போய், பாயையும் தாண்டி, அந்தக் காலாலேயே அடித்தான். எங்கள் கோலி நிஜமாகவே பாய்ந்தான், கிடைக்கவில்லை. தமிழ் ஐயா தாளை வீசிவிட்டு, "டேய் போட்டுட்டான்டா!" என்று மைக்கில் கத்தினார்.

ஒன்றுக்கு ஒன்று. அத்தோடு முடிந்தது. சீஃப் கெஸ்ட் பேனரைக் காட்டி, "இங்க ஒண்ணுக்கு சைபர்னு போட்டிருக்கீங்களே?" என்று கேட்டார். பி.டி. சார் மூஞ்சியைப் பார்க்க முடியவில்லை. பாய் போய் நின்றார். "சொன்னதச் செய்யலியேப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு சார் நகர்ந்துவிட்டார். கிரவுண்டு போனது போனதுதான் என்று பஸ் ஏறினோம்.

சனிக்கிழமை பாய்க்கு ஒரு போன் வந்தது. சாக்ஸ். "நாளைக்கு காலைல வாங்கண்ணா. அந்தப் பூட்ஸ மட்டும் எடுத்துனு வராதீங்க."

போனோம். வழக்கம் போல வாட்ச்மேன் கேட்டில் மறித்தார். உள்ளேயிருந்து சாக்ஸ் நொண்டிக்கொண்டே வந்தான், காலில் பெரிய கட்டு. "விடுங்கண்ணா, எங்களோட ஆட வந்திருக்காங்க. ப்ராக்டிஸுக்கு எதிர் டீம் இவங்கதான், சார்கிட்ட சொல்லிட்டேன்" என்றான். அப்புறம்தான் தெரிந்தது, எதிர் டீம் இல்லாமல் ப்ராக்டிஸுக்கு வர மாட்டோம் என்று அவர்கள் டீமே பி.டி. சாரிடம் போய் நின்றிருக்கிறது. பி.டி. சார் தூரத்தில் நின்று எங்களைப் பார்த்தார். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு விசில் ஊதினார்.

நகம் முளைக்கும் வரைக்கும் அவனால் ஆட முடியவில்லை. காலேஜ்களுக்கு நடுவில் நடந்த மேட்சுக்கும் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோட்டோரம் உட்கார்ந்து ரெஃப்ரி வேலை பார்த்தான். எனக்குத்தான் அதிகமாக ஃபவுல் கொடுத்தான்.

இப்போதும் ஞாயிறு தவறாமல் போகிறோம். கழன்றுபோன பசங்க திரும்பி வந்துவிட்டார்கள். நான் இன்னும் அவனைச் சாக்ஸ் என்றுதான் கூப்பிடுகிறேன். தேங்க்ஸ் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, அதெல்லாம் என் வாயில் வராது; ஆனால் அவன் பந்தோடு என் எதிரே வரும்போது மட்டும் அன்றைக்கு மாதிரி ஒருநாளும் ஒதுங்கியதில்லை, அவனுக்கு அது புரியும்.