ஸ்க்ரீன்காரம்மா வந்திருக்காங்க

ஜன்னலுக்கு ஸ்க்ரீன் தைக்கிற தொழிலில் துணியை வெட்டுவது சுலபம். வீட்டுக்காரர் மனசில் எந்தத் துணி ஆடிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். புது வீட்டுக்கு ஸ்க்ரீன் தைக்கக் கொடுத்துவிட்டு, கிரகப்பிரவேசத்தன்று பழைய வேட்டியை ஜன்னலில் கட்டி மானத்தைக் காப்பாற்றிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அந்த வேட்டிகளுக்குக் காரணமானவர்களில் நானும் ஒருத்தி. மன்னித்துவிட்டு மேலே படியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு ஸ்க்ரீன் துணிக் கடையில் சேர்ந்தேன். அதுவரை அளவெடுக்க ஒரு ஆம்பிளை ஆளைத்தான் முதலாளி அனுப்பிக்கொண்டிருந்தார். பகலில் ஆண்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இருக்கும் பெண்கள் கதவைத் திறக்காமலே, "நாலடி இருக்கும், போட்டுக்கோங்க" என்று சொல்லி அவரை அனுப்பிவிடுவார்கள். தைத்துக் கொண்டுபோனால் ஐந்தடி இருக்கும். அதனால் முதலாளி என் தோளில் சாம்பிள் துணிப் பையை மாட்டிவிட்டார். ஆவடி, பூந்தமல்லி, வேப்பம்பட்டு என்று பஸ்ஸும் ரயிலும் போகிற இடமெல்லாம் போனேன். எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் "ஸ்க்ரீன்காரம்மா வந்திருக்காங்க" என்று எனக்கு முன்னால் செய்தி போய்விடும்.

வெள்ளையும் கறுப்பும்

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டு ஜன்னலும் ஒரே அளவு. டேப்பை எடுக்காமலே எழுதிக்கொள்வேன். அங்கே ஜெசிந்தா என்று ஒரு பெண், கல்யாணமாகி மூன்று மாதம், தூத்துக்குடிக்காரி. என் பையைக் கட்டில்மேல் கொட்டி, ஒவ்வொரு துணியாக எடுத்து ஜன்னலோரம் பிடித்து, அது அசைகிறதா என்று பார்த்தாள். இருப்பதிலேயே மெல்லியதான, 'வாயில்' என்கிற வெள்ளைத் துணிதான் அவளுக்குப் பிடித்தது. "இந்த ஊர்ல காத்து இருக்கா இல்லையான்னே தெரிய மாட்டேங்குதுக்கா. இது இருந்தா கொஞ்சங் காத்து வந்தாலும் காட்டிக்குடுத்துரும்லா" என்றாள்.

மீனவர் வீட்டுப் பிள்ளையான அவள் கணவன் அந்தோணிக்கு மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். பகலில்தான் தூக்கம். அவனுக்கு வேண்டியது வெளிச்சமே உள்ளே வராத கறுப்பு கனத்துணி. என் எதிரிலேயே இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதுதான் அவர்களுடைய முதல் சண்டையாக இருக்கும் என்று தோன்றியது. துணியை மடிக்கிற சாக்கில் நானும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, ஒரு ஜன்னலுக்கு இரண்டு கம்பி போட்டு, முன்னால் கறுப்பும் பின்னால் வெள்ளையும் மாட்டலாம் என்று சொன்னேன். அரை மனசோடு ஒத்துக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து அந்தோணி கடைக்கே வந்துவிட்டான். கையில் கறுப்பு ஸ்க்ரீன், சுருட்டி வைத்திருந்தான். புகார்தான் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவன் அதை மேஜைமேல் வைத்துவிட்டுக் கூச்சத்தோடு சொன்னான்: "இத நீங்களே வச்சுக்கோங்கக்கா. நேத்து அவ வெள்ளைய மட்டும் விட்டுட்டா. அது மூஞ்சில பட்டுப் பட்டுப் போவுது, அப்பா படகுல படுத்திருக்கேன்னு நெனச்சு விளக்கு வைக்கிற வரைக்கும் தூங்கிட்டேன்."

முதல் துவைப்பு

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். தைப்பதற்கு முன் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும் என்பது பாலபாடம். ஒரு ஐப்பசியில் மழை விடாமல் பெய்ததால் நனைக்காமலே தைக்கச் சொல்லிவிட்டேன். வேப்பம்பட்டில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வீட்டுக்குத் தரையைத் தொடுகிற மாதிரி அழகான பழுப்பு நிற ஸ்க்ரீன்கள் போயின. பொங்கலுக்கு அவர்கள் துவைத்துப் போட்டதும் எல்லாம் முக்கால் அடி மேலே ஏறிக்கொண்டன. ஆசிரியர் ரயிலேறி வந்தார். சத்தம் போடவில்லை. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பையன் வளர்ந்தா பேன்ட் குட்டையாகும், தெரியும். என் வீட்டு ஜன்னலுமா வளருது?"

ஏரியின் நிறம்

வசந்தா ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பது வயதில் அம்பத்தூர் ஏரிக்குப் பக்கத்தில் இரண்டே அறையில் தனக்கென்று ஒரு வீடு கட்டினாள். மேற்கு ஜன்னலை மட்டும் கொத்தனாரிடம் சண்டை போட்டு மூன்று தடவை இடித்துக் கட்ட வைத்தாளாம். நாற்காலியில் உட்கார்ந்தால் மரமும் தெரியாமல் மதிலும் தெரியாமல் தண்ணீர் மட்டும் தெரிய வேண்டும். அந்த ஜன்னலுக்கு அவள் கேட்ட நிறம் என் பையில் இல்லை. "சூரியன் இறங்கினதுக்கு அப்புறம், தெரு விளக்கு போடறதுக்கு முன்னாடி, ஏரி ஒரு நிறத்துல இருக்கும்க்கா. அது வேணும்."

நீலத்தைக் காட்டினேன். ஊதாவைக் காட்டினேன். மயில் கழுத்து நிறத்தைக் காட்டினேன். எல்லாவற்றையும் மரியாதையாகத் தள்ளி வைத்தாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் ஏரிக்கரைக்கே போய், ஒவ்வொரு சாம்பிளாகத் தண்ணீருக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். எருமை ஓட்டிக்கொண்டு போனவர் நின்று பார்த்தார். ஒரு துணி கிட்டே வருவதுபோல இருக்கும். அதற்குள் தண்ணீர் வேறு நிறத்துக்குப் போய்விடும். எனக்கும் அந்த நேரத்தில் வேலை மறந்துபோனது. துணியைக் கீழே விட்டுவிட்டுச் சும்மா நின்றேன். எத்தனையோ வருஷமாக அந்த ஏரி ஓரமாகத்தான் பஸ்ஸில் போய்வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

தெரு விளக்கு எரிந்ததும் அவள் பையைக் கிளறி, நான் காட்டவே நினைக்காத ஒரு சாம்பல் துணியை எடுத்துக்கொண்டாள். எனக்குத் திருப்தியில்லை. மாட்டிய அன்றைக்குச் சாயங்காலம் முதலில் அது அழுக்குத் துணி மாதிரிதான் இருந்தது. "கொஞ்சம் இருங்க, காப்பி போடறேன்" என்று என்னை உட்கார வைத்தாள். ஆறரை மணிக்கு மேற்கிலிருந்து வெளிச்சம் துணிக்குள் நுழைந்தது. சாம்பல் மெதுவாகக் கரைந்து, ஜன்னலில் ஏரியே தொங்கியது. பத்து நிமிஷம்தான். மறுபடி சாம்பல். "நாள் பூரா இப்படி இருக்காதே வசந்தா" என்றேன். "பத்து நிமிஷம் போதும்க்கா. மீதி நேரம் நான் ஆபீஸ்லதானே இருக்கேன்."

கோணல்

அயப்பாக்கம் பக்கம் ஒரு புது வீடு. ஜன்னலின் இடது பக்கம் நாலடி ஆறு அங்குலம், வலது பக்கம் நாலடி நாலு. இதை மெதுவாகச் சொன்னதற்கு வீட்டுக்காரர், நானே நின்று கட்டிய வீடு என்று டேப்பைப் பிடுங்கித் தானே அளந்தார். அப்புறம் டேப்தான் தப்பு என்றார். கடைக்கு வந்து எங்கள் தையல்காரர் ஏகாம்பரம் அண்ணனிடம் முறையிட்டேன். அவர் மிஷினை நிறுத்தாமலே சொன்னார்: "ஜன்னல் கோணலா கீதுன்னா துணிய கோணலா தெச்சுடலாம்மா. அந்த ஊட்டுக்காரர் மூஞ்சி கோணிக்கினா இன்னா பண்றது?"

வெளிச்சத்துக்காகக் கட்டிய வீடு

வானகரத்தில் ரகு என்கிற இளைஞர் ஆர்க்கிடெக்ட் படிப்பு முடித்துக் கட்டிய முதல் வீடு, அவருடைய அப்பா அம்மாவுக்கானது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் கிடையாது. ரோட்டைப் பார்த்த பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அவருடைய அம்மா கோமளா மாமி, பிள்ளைக்குத் தெரியாமல்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். "ஈரத் தலையோட வந்து நின்னா ரோட்டுல போறவா எல்லாரும் பாக்கறா. குழந்தை ஆசையாக் கட்டியிருக்கான், அவன்கிட்ட எப்படிச் சொல்றது?" நான் அளந்துகொண்டிருக்கும்போதே ரகு வந்துவிட்டார். கோபப்படவில்லை. என்னை நடு ஹாலில் நிற்க வைத்து, காலையில் வெளிச்சம் எங்கே விழும், மத்தியானம் எந்தத் தூணில் ஏறும், மழைநாளில் தரை எப்படித் தண்ணீர்போல் மின்னும் என்று காட்டினார். அந்த முகத்தைப் பார்த்தபின் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவரே கடைக்கு வந்தார், கூடவே மாமியும். ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததால் பஸ்களெல்லாம் அவர்கள் வீட்டை உரசிக்கொண்டு ஊர்ந்தனவாம். ரகு தனியாக இருந்த ஒரு காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வரைபடத்தில் மூழ்கிவிட்டார். திடீரென்று வெளியே விசில் சத்தம். தலையைத் தூக்கினால் ஒரு பூந்தமல்லி பஸ், அதன் ஜன்னலெல்லாம் தலை, அத்தனை பேரும் அடுப்பைக் கைகாட்டி, "சார், பால் பொங்குது!" என்று கத்துகிறார்கள். வெளிச்சத்தை விட்டு ஆளை மட்டும் மறைக்கிற துணி வேண்டும் என்று அரை நாள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார். துணி கிடைத்ததும் அம்மாவிடம் மெதுவாக, "கஷ்டமா இருந்ததுன்னு நீ சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். மாமி அவர் தோளைத் தட்டி என்னிடம் சொன்னார்: "அதனால என்ன, கிரகப்பிரவேசத்தன்னிக்குக்கூட இவ்வளவு நன்னாப் பொங்கலை."

இல்லாத ஜன்னல்

நசரத்பேட்டையில் முனுசாமி என்பவர் தன் பங்கு நிலத்தில் மாடி வைத்து வீடு கட்டினார். பக்கத்திலேயே அவருடைய அண்ணன் வீடு. சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது எல்லைக் கல் விஷயத்தில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது. அண்ணன் வீட்டு முற்றத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு ஜன்னல் திட்டத்தில் இருந்தது. முனுசாமி அதைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார். மற்ற ஜன்னல்களையெல்லாம் நான் அளந்து முடித்ததும் அவர் மனைவி கஸ்தூரி என்னை அந்த வெறும் சுவருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். "இங்க ஒண்ணு கீது, அதையும் எழுதிக்க" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் சுவரில் அகல வைத்து, "இம்மாம் அகலம்" என்றாள். பிறகு எக்கி மேலே தொட்டு, "இம்மாம் உசரம்." அவள் கைகளுக்கு நடுவே டேப்பைப் பிடித்து எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கத்து முற்றத்தில் அவளுடைய ஓரகத்தி பச்சையம்மா பாத்திரம் துலக்கும் சத்தம் லேசாகக் கேட்டது. சின்னப் பூப்போட்ட மஞ்சள் துணி எடுத்தாள். மாட்டுகிற அன்றைக்கு முனுசாமி, "செவுத்துக்கு இன்னாத்துக்குத் துணி?" என்றார். "செவுரு பாக்க நல்லால்ல" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

நாலு வருஷம் கழித்து, மாடியறைக்கு ஸ்க்ரீன் வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். போனேன். ஹாலில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். அந்த மஞ்சள் ஸ்க்ரீன், வெளுத்துப்போய், காற்றில் மெல்ல உப்பி உள்ளே வந்தது. சுவர் மூச்சு விடுவதுபோல இருந்தது. கஸ்தூரிதான் சொன்னாள். அதற்கு முந்தின மாதம் ஒரு மத்தியானம் முற்றத்தில் பச்சையம்மா வழுக்கி விழுந்திருக்கிறாள். வீட்டில் வேறு யாருமில்லை. ரொம்ப நேரம் கூப்பிட்டிருக்கிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் அது ஏதோ பூனைச் சத்தம் மாதிரிதான் கேட்டதாம். கஸ்தூரி புரிந்துகொண்டு தெருவைச் சுற்றி ஓடினாள். அவள் போட்ட சத்தத்தில் முனுசாமியும் வந்து, அண்ணியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். செய்தி கேட்டு அண்ணனும் வந்து சேர, ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பின மறுநாள் காலையில் முனுசாமி கடப்பாரையை எடுத்து, ஜன்னலை அடைத்திருந்த செங்கலை இடித்தார்.

நான் ஸ்க்ரீனை ஒதுக்கிப் பார்த்தேன். முற்றத்தில் காலில் மாவுக்கட்டோடு பச்சையம்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பழக்கதோஷத்தில் டேப்பை எடுத்து ஜன்னலை அளந்தேன். அகலம், உயரம், இரண்டும் அந்தத் துணிக்குச் சரியாக இருந்தன. கஸ்தூரி என் பக்கத்தில் வந்து நின்று, மஞ்சள் துணியின் கொசுவத்தை விரலால் நீவிவிட்டுச் சொன்னாள்: "ஸ்க்ரீனு சரியாத்தான் கீதும்மா, ஜன்னல்தான் நாலு வருசம் லேட்டா வந்துச்சு."

இத்தனை வருஷம் ஊரார் ஜன்னல்களை மூடுவதற்குத் துணி விற்றுப் பிழைத்ததில் நான் தெரிந்துகொண்டது, ஜன்னலை மூடத்தான் ஸ்க்ரீன் வாங்குகிறார்கள் என்று நினைப்பது நானும் முதலாளியும் மட்டும்தான் என்பதே.