மருமகள் கையில் செத்த முனிரத்தினம்

நந்திதுர்க் லைன் வீடுகளில் குடியிருந்த முனிரத்தினத்துக்கு நடிப்பு ஆசை உண்டு. ஃபேக்டரியில் வெல்டராக இருந்த காலம் முழுக்க, ஆண்டுவிழா நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது வாயிற்காப்போன் வேஷம்தான். மருமகள் வாணி படிக்கும் நர்சிங் காலேஜில் நெஞ்சுவலி நோயாளியாக நடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் ஆளாகப் போய் நின்றார். இரண்டாவது ஆள் வரவில்லை.

படுக்கவைத்து, முனகவிட்டுப் படம் பிடித்தார்கள். நோயாளிக்கு வேறு பெயர் வைக்கலாமா என்று பாடம் எடுக்கும் பல்லவி மேடம் கேட்டதற்கு, "என் பேரே இருக்கட்டும்" என்று அடம்பிடித்தார். கம்ப்யூட்டருக்குள் அச்சு அசலாக ஒரு முனிரத்தினம் உருவானார். முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டால், எதிரே வியர்த்துப்போய்க் கிடப்பார். ஒழுங்காகக் கவனித்தால் எழுந்து உட்கார்ந்து தேங்க்ஸ் சொல்வார். சொதப்பினால் போய்ச் சேர்ந்துவிடுவார். இதில் தேறிய பிறகுதான் நிஜ நோயாளியைத் தொடவே விடுவார்கள்.

அதிலிருந்து மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. டீக்கடைப் பக்கம் வரும் மாணவிகள், "அங்கிள், இன்னிக்கு உங்களைக் காப்பாத்திட்டேன்" என்பார்கள். பெருந்தன்மையாகத் தலையசைப்பார். ஒருநாள் வாணியின் வகுப்புத் தோழி கரோலின் போட்டு உடைத்தாள்.

"எல்லார் கையிலயும் பொழைச்சிக்கிறீங்க அங்கிள். வாணி கையில மட்டும் டெய்லி செத்துப் போறீங்க. நாளைக்கு டெஸ்டு. அதுலயும் செத்தீங்கன்னா அவளுக்கு ஒரு வருஷம் போச்சு."

டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து வாணியைக் கேட்டார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஊசி, மருந்து எல்லாம் தெரியும் மாமா. ஆள் மாறிடக்கூடாதுன்னு முதல்ல பேஷன்ட் பேரை வாய்விட்டுச் சொல்லணும். சொன்னாதான் மெஷின் அடுத்ததுக்கு விடும். நான் மாமா மாமான்னுதான் கூப்புடறேன். அது ஒத்துக்க மாட்டேங்குது."

மாமனார் பெயரை மருமகள் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் ஏது? அவர் மனைவி வெங்கடம்மாவே கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை. ரேஷன் கடையில் புருஷன் பெயர் கேட்டால் பின்னால் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள். பெயர் விஷயத்தில் தான் பிடித்த அடம் இந்தப் பெண்ணின் படிப்பில் மண்ணைப் போடுகிறதே என்று முனிரத்தினம் தலையில் அடித்துக்கொண்டார்.

"நானே சொல்றேன், பேரைச் சொல்லும்மா" என்று கெஞ்சினார். வாணி வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. கட்டிலில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்து முனகியும் பார்த்தார். காலேஜில் நடித்ததைவிட நன்றாகவே வந்தது. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

வெங்கடம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "இன்னாடி, பேர் சொல்லாததாலதான் தெனம் சாவறாரா இந்த மனுஷன்?"

"ஆமா அத்த."

"நான் சொல்றேன். பின்னாடியே சொல்லு."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டிலில் கிடந்தவரை நேராகப் பார்த்து, "முனிரத்தினம்" என்றாள். முனகல் சட்டென்று நின்றது. வாணியும் சொன்னாள். முதலில் முணுமுணுப்பாக, பிறகு லைன் வீடுகள் முழுக்கக் கேட்கும்படி.

மறுநாள் டெஸ்டில் முனிரத்தினம் எழுந்து உட்கார்ந்து தேங்க்ஸ் சொன்னார். அந்தச் சந்தோஷத்தோடு வாணி வீட்டுக்கு ஓடிவந்தால், அசல் முனிரத்தினம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். பதறிப்போய் நாடி பிடித்துப் பார்த்தாள். சீராகத்தான் இருந்தது.

"அத்த, மாமாவுக்கு இன்னா ஆச்சு?"

வெங்கடம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்கத்தை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல. காலையிலேர்ந்து இதே கூத்து. நான் இன்னொரு வாட்டி பேர் சொன்னாதான் பொழைப்பாராம்."