பின்பக்கமாக நடந்த இன்ஸ்பெக்டர்

பௌதிக வாத்தியார் வேலையில் ஒரு பெரிய சங்கடம் உண்டு: நாம் சொல்வது நிஜமா என்று பிள்ளைகள் அங்கேயே செய்து பார்த்துவிடுவார்கள். சரித்திர வாத்தியாருக்கு அந்தப் பயம் கிடையாது. எந்த ராஜாவும் வகுப்புக்குள் வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. சாக்பீஸ் தூளைச் சுவாசித்தே காலம் தள்ளிய சக வாத்தியார்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். திருவொற்றியூரில் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகத்தையும் கணக்கையும் விருப்பப் பாடமாக எடுக்கும் பிரிவு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. அனுமதி தற்காலிகம்தான். வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகள் தாங்களே செய்த சோதனை ஒன்றைப் பார்ப்பார். பிடித்தால் பிரிவு இருக்கும், பிடிக்காவிட்டால் மூடிவிடுவார்கள். எங்கள் சோதனைச்சாலை என்பது தலைமையாசிரியர் அறையில் இருந்த ஓர் அலமாரி. அதில் பாதி இடத்தில் அவருடைய குடையும் கோட்டும் இருந்தன.

மிளகாயில் காரம் இல்லை

பாடங்களெல்லாம் இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மாறிய புதிது. வார்த்தைகளோடு நாங்களும் முட்டிமோதிக்கொண்டிருந்தோம். ரசாயனமும் என் தலையில்தான். 'காரம் சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும். உதாரணம் தருக' என்று கேட்டேன். கன்னியப்பன் எழுந்து, "மொளகா சார்" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவனுடைய அப்பா வடக்கே இருந்த நூல் மில்லில் பாய்லருக்குக் கரி போடுகிறவர். வீட்டில் அடுப்புக்கு முன்னால் வளர்ந்த பையனுக்கு மிளகாயை விடக் காரம் வேறு எது?

தவறு என்று சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். ஆனால் எனக்கே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. மறுநாள் பச்சை மிளகாயை அரைத்துத் தண்ணீரில் கரைத்தோம். சிவப்புத் தாள் சிவப்பாகவே இருந்தது. புளித்தண்ணீர் நீலத் தாளைச் சிவப்பாக்கியது. கடைசியில் துணி துவைக்கும் சவுக்காரத்தைக் கரைத்துத் தொட்டதும் சிவப்புத் தாள் நீலமாயிற்று. கன்னியப்பன் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். பிறகு சொன்னான்: "அப்போ சவுக்காரத்துலதான் காரம் கீது, மொளகால இல்ல. இத்த எங்கம்மாகிட்ட சொன்னா ஒதைதான் சார் வுழும்."

அண்ணாச்சி கடைத் தராசு

பிரிவில் ஒரே ஒரு பெண் இருந்தாள், பெயர் பாக்கியம். அவளுடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தேரடியில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தவர். ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். தராசுப் பாடம் நடந்த வாரம், பாக்கியம் நேரே கடைக்குப் போயிருக்கிறாள். ஒரே கருப்பட்டியை இடது தட்டில் ஒரு தடவை, வலது தட்டில் ஒரு தடவை வைத்து நிறுத்திருக்கிறாள். இரண்டு எடையும் ஒத்துவரவில்லை. கோலை அளந்து பார்த்தால், சரக்கு வைக்கும் பக்கம் ஒரு நூல் அளவு குட்டை.

மறுநாள் அண்ணாச்சி பள்ளிக்கு வந்து என் முன்னால் நின்றார். வியாபாரியின் தராசைக் குறை சொல்வது சும்மா விஷயமா? இந்தப் படிப்பே வேண்டாம் என்று பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டியளா சார், வாங்க வந்தவனுக்கெல்லாம் இம்புட்டு நாளும் கூடுதலா போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். பிள்ளை படிக்கட்டும். ஆனா இங்ஙனயே படிக்கணும். இந்தப் பிரிவை மூடிட்டாவன்னா, பஸ்ஸுல ஏத்திப் பட்டணத்துக்கு அனுப்புத சோலி எனக்கு ஆவாது."

ஒளியை முந்திய ஒலி

இன்ஸ்பெக்டருக்குக் காட்ட எதைச் செய்வது? எங்கள் வட்டாரத்தில் கடிகாரமே தேவையில்லை. மில் சங்கு ஊதினால் சோறு, சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் வீடு. நூல் மில்லில் சங்கு ஊதும்போது வெள்ளையாக ஆவி கிளம்புவது எங்கள் மாடியிலிருந்து தெரியும். ஆவியைப் பார்த்ததும் டிரில் மாஸ்டரின் ஸ்டாப் வாட்சை அழுத்த வேண்டும், சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் ஒலியின் வேகம் வந்துவிடும். நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் நாள் ஆவி கிளம்புவதற்கு முன்பே சத்தம் கேட்டுவிட்டது. இரண்டாம் நாளும் அப்படியே. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. பௌதிகத்தையே புரட்டிவிட்ட மாதிரி குதித்தார்கள். ஒருவன் தலைமையாசிரியரிடம் ஓடிப்போய், "ஒலி ஒலிய முந்திட்சி சார்" என்றான். எங்கள் பகுதியில் ஒலிக்கும் ஒளிக்கும் உச்சரிப்பில் பேதமில்லை என்பதால் அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். காய்ச்சலில் படுத்திருந்த கன்னியப்பன் மூன்றாம் நாள் வந்தான். மாடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டான். கேட்டுவிட்டுச் சொன்னான்: "நீங்க கேட்டுகினு இருந்தது பக்கத்து எண்ணெ மில் சங்கு சார். அது எப்பவும் கொஞ்சம் முன்னாடியே ஊதும், ஆவியும் கோடவுன் மறைச்சிக்கும். எங்க நைனா மில்லு சங்கு தொண்ட கட்டினாப்ல கரகரன்னு பின்னாடி வரும், அத்த கேளுங்க."

இரண்டு இன்ஸ்பெக்டர்கள்

கரகரத்த சங்கைப் பிடித்தபிறகு கணக்கு அழகாக வந்தது. புத்தகத்தில் போட்டிருந்த வேகத்துக்கு மிகப் பக்கத்தில் வந்தோம். இன்ஸ்பெக்டர் வருகிற நாளும் வந்தது. தலைப்பாகை, மூடிய கோட்டு, முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாத மனிதர். மாடியில் அவருக்கு நாற்காலி போட்டோம். பாக்கியம் வாட்சைப் பிடித்துக்கொண்டு வடக்கே பார்த்து நின்றாள். முந்தின ராத்திரி அவள் சாப்பிடவே இல்லை என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

மத்தியானம் எண்ணெய் மில் சங்கு ஊதியது. நூல் மில்லில் ஆவியும் இல்லை, சத்தமும் இல்லை. காத்திருந்தோம். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். கன்னியப்பன் என் காதருகே வந்தான். "இன்னிக்கு அங்க பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்துகிறாரு சார், பாய்லர ஆத்திட்டாங்க. 'நாளைக்கு இன்ஸ்பெக்டர் வராரு'ன்னு நைனா நேத்தே சொன்னாரு. நான் நம்ம இன்ஸ்பெக்டர சொல்றாருன்னு நெனச்சிகினேன்."

பள்ளிக்கூடம் விட்டாச்சு

"வேறு ஏதாவது இருக்கிறதா?" என்றார் இன்ஸ்பெக்டர். பாக்கியம் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் எங்கள் பள்ளி மணி. "சார், அதை செகண்டுக்கு ஒரு அடி அடிச்சுக்கிட்டே இருந்தா?" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "நாம தள்ளிப் போய்க்கிட்டே இருக்கணும். ஒரு அடியோட சத்தம் காதுக்கு வரும்போது அடுத்த அடி கண்ணுக்குத் தெரிஞ்சா, அந்தத் தூரம்தானே ஒரு செகண்டுல சத்தம் போற தூரம்?" இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

கயிற்றில் கல்லைக் கட்டி, செகண்டுக்கு ஒரு வீச்சு ஆடும் ஊசலைப் பாக்கியம் தொங்கவிட்டாள். கன்னியப்பன் சுத்தியலில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வீச்சுக்கும் ஓர் அடி போட்டான். இன்ஸ்பெக்டர் மணியிலிருந்து கண்ணை எடுக்காமல் ரோட்டில் பின்பக்கமாகவே நடக்கத் தொடங்கினார். கூடவே நான். எதிரே கூடையோடு வந்த மீன்காரம்மா, "இன்னா நைனா, முதுவுல கண்ணு கீதா உனக்கு?" என்று ஒதுங்கிப் போனாள். அப்போதுதான் வினை வந்தது. எங்கள் பள்ளியில் மணியை விடாமல் அடித்தால் பள்ளிக்கூடம் விட்டாச்சு என்று அர்த்தம். எல்லா வகுப்பும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தது. தலைமையாசிரியர் வாசலில் இரு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். அந்தக் கூட்டத்துக்கு நடுவிலும் கன்னியப்பன் தாளம் தப்பவில்லை. அவன் கண் ஊசலை விட்டு நகரவே இல்லை.

திடீரென்று இன்ஸ்பெக்டர் நின்றார். கையால் தொடையில் தாளம் போட்டார். "சேர்ந்துவிட்டது" என்றார், யாரிடமும் இல்லாமல். இரண்டடி முன்னால் வந்து பார்த்தார், இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார், மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றார். அளவுச் சங்கிலியைப் போட்டு அளந்தோம். கிட்டத்தட்ட ஆயிரத்து நூறு அடி. அவர் முகத்தில் முதல் தடவையாகச் சுருக்கங்கள் அசைந்தன. சட்டை நனைந்து நின்ற கன்னியப்பனையும் கல்லைக் கையில் வைத்திருந்த பாக்கியத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பிரிவு இருக்கட்டும். மூடினால் இவர்கள் இரண்டு பேரும் என் ஆபீஸ் வாசலில் வந்து மணியடிப்பார்கள்."

பஸ் ஸ்டாப்

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கன்னியப்பன் தொழில் பழக மில்லிலேயே சேர்ந்தான். பாய்லருக்குக் கரி போட அல்ல, பாய்லரைப் பழுது பார்க்க. பாக்கியத்துக்குப் பட்டணத்துக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அண்ணாச்சி என்ன சொல்வாரோ என்று நான் கேட்கவே பயந்தேன். கல்லூரி திறந்த அன்று காலையில் பஸ் ஸ்டாப் பக்கம் போனால், அப்பாவும் பெண்ணும் நிற்கிறார்கள். அவர் கையில் அவளுடைய சாப்பாட்டுத் தூக்கு. பக்கத்தில் போய் நின்றேன்.

தூரத்தில் பஸ் தெரிந்தது. நல்ல தொலைவு என்பதால் சத்தம் காதுக்கு எட்டவில்லை. பக்கத்தில் வந்த பிறகுதான் இரைச்சல் கேட்டது. அண்ணாச்சி பெருமையோடு என் பக்கம் திரும்பினார். பெண்ணை ஏற்றிவிட்டுத் தூக்கையும் கொடுத்துவிட்டு, பஸ் மறையும் வரை பார்த்துக்கொண்டே சொன்னார்: "மொதல்ல கண்ணுக்குத் தெரியுது, பொறவுதான் சத்தம் கேக்கு. பாத்தியளா சார், எனக்கும் பௌதிகம் வந்துட்டு." தூரத்தில் சத்தம் மெலிந்துபோனதால்தான் கேட்கவில்லை, ஒலியின் வேகத்தால் அல்ல; ஆனால் நான் திருத்தவில்லை.

ஒலியின் வேகத்தை ஆயுசு முழுக்கப் பாடம் எடுத்தும், நான் சொன்னது ஒருத்தர் காதுக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்ற கணக்கு மட்டும் எனக்கு இன்றுவரை வரவில்லை.