பிடுங்காமல் விட்ட கடைவாய்ப் பல்

போன வருஷம் தீபாவளி சீசன் முடிந்து, கம்பெனிக்கு லீவு விட்டிருந்த நேரம். சாத்தூரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி, வலியில் ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. பிடுங்கிப் போட்டால் நிம்மதி என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினேன்.

நான் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறேன். கம்பெனிக்குள் பீடி, தீப்பெட்டி கொண்டு போக முடியாது. அதனால் எங்களில் நிறையப் பேர் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்வோம். அப்படித்தான் எனக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது. மதுரையில் கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். குணமாகி, மறுபடி வண்டி ஓட்ட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது முடிந்த கதை, இது வெறும் சொத்தைப் பல் என்றுதான் என் நினைப்பு. உள்ளே நுழைந்ததும் சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை, அதைச் சொன்னேன்.

காத்திருக்கும் இடத்தில் எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டு வைத்ததிலிருந்து எனக்கு எச்சில் சரியாகச் சுரப்பதில்லை. பாட்டிலைத் திறந்து மடக்கு மடக்காகத் தண்ணீர் குடித்தபடியே இருப்பேன். ஒரு பக்கக் கன்னத்தில் தாடியும் முளைப்பதில்லை. அந்த அம்மா எழுந்து பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீக. கரண்டு வச்சிருக்கீகளோ?"

சுற்றிலும் நாலைந்து பேர். இந்த நோயின் பேரைக் கேட்டதும் ஆட்கள் பார்க்கிற பார்வை மாறிவிடும். டீக்கடையில் எல்லாருக்கும் கிளாசில் கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் பேப்பர் கப்பை நீட்டியிருக்கிறார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பல்லு புடுங்கவா வந்திருக்கீக?" என்று மறுபடி கேட்டார்.

"ஒங்களுக்கு என்னத்துக்கு அது?" என்று எரிச்சலாகச் சொன்னேன். அதற்குள் என் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பிடுங்கிவிடலாம் என்றார். எனக்கும் அதுதானே வேண்டும். மரத்துப்போக ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார். வாயைத் திறக்கிறேன், வெளியே சத்தம். "அம்மா, உள்ள போகக் கூடாது" என்று வாசலில் இருந்த பெண் தடுத்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா உள்ளே வந்துவிட்டார்.

"டாக்டரம்மா, ஒரு நிமிசம். இவுகளுக்குத் தாடையில கரண்டு வச்சிருக்கு. பல்லப் புடுங்கிராதீக."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. டாக்டர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து, "ரேடியேஷன் எடுத்திருக்கீங்களா?" என்றார். தலையை ஆட்டினேன். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். முகக்கவசத்தைக் கழற்றினார்.

"நான்தான் கேட்டிருக்கணும்" என்றார்.

பிறகு விளக்கினார். கரண்டு பட்ட எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடுமாம். அந்த இடத்தில் பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் போகலாம், எலும்பே செத்துப்போகலாம். மதுரையில் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். பல்லைப் பிடுங்காமல், சொத்தையைச் சுரண்டி எடுத்து வேர் சிகிச்சை செய்யலாம் என்று முடிவானது. அன்றைக்கு வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தார்.

வெளியே வந்து அந்த அம்மாவிடம், "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இதே சீக்குதான். கரண்டு வச்சு நல்லாத்தான் இருந்தாக. பொறவு பல்லு வலிக்குன்னு ஒண்ணப் புடுங்குனோம். அந்தப் புண்ணு மூடவே இல்ல. எலும்பு துண்டு துண்டா வந்துச்சு. கடைசியில பாதித் தாடைய எடுத்துட்டாக. எங்களுக்குச் சொல்ல ஆளில்ல அண்ணாச்சி."

"இப்ப எப்பிடி இருக்காக?"

"இருக்காக. கஞ்சிதான். அதையும் நல்லா அரைச்சு ஊத்தணும்."

அதற்குள் அவர் முறை வந்து உள்ளே போய்விட்டார். எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை.

நாலைந்து தடவை போய்வந்ததில் வலி நின்றது. பல் அங்கேயேதான் இருக்கிறது. டாக்டர் கொடுத்த பேஸ்ட்டைத் தினமும் தேய்க்கிறேன். வருஷத்தில் இரண்டு தடவை காட்டிவிட்டு வருகிறேன். எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதலில் கரண்டு வைத்ததைத்தான் சொல்கிறேன். சோறு, பொரியல் எல்லாம் மென்றுதான் சாப்பிடுகிறேன். மதியம் கம்பெனியில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடும்போது அந்த அம்மாவின் ஞாபகம் வரும். நான் முகத்தில் அடித்த மாதிரிப் பேசியதை அவர் பொருட்படுத்தாமல் எழுந்து வந்தார், அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நமக்கென்ன என்று உட்கார்ந்த இடத்திலேயே இருந்திருப்பேன்.