வெள்ளை வேன், நீல வேன், ஒரு கார்

“ஓடுறதுக்கே ஆளு பத்தாது டீச்சர். இதுல கைத்தட்ட யாருலா வரப்போறா?”

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கூட்டத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் டயர் கடை வைத்திருப்பவர். பள்ளியின் இரும்புக் கதவு இறங்கிப்போனால் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். அவர் மகள் எங்களிடம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஆகவே அவரை வேண்டாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. எங்களுடையது ஜோர்ஜ்டவுனில் இருக்கும் சின்னத் தமிழ்ப்பள்ளி. சபைக்கூடலில் மொத்தப் பள்ளியும் நிற்கும்போது ஒரே பார்வையில் எல்லா முகமும் தெரிந்துவிடும். போன ஆண்டு விளையாட்டுப் போட்டியன்று திடலில் கூடாரம் போட்டு, நாற்காலி அடுக்கி, சிவப்பு இனிப்புச் சிராப் தண்ணீர் கலக்கி வைத்துக் காத்திருந்தோம். வந்த பெற்றோர் கூடாரத்தின் ஒரு மூலையில் அடங்கிவிட்டார்கள். பிள்ளைகளை ஏற்றி வந்த வேன் ஓட்டுநர்கள் இருவரும் வேனுக்குள்ளேயே தூங்கினார்கள்.

அதனால்தான் அந்தக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. இனிப் பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்ந்து போட்டி நடத்தலாம் என்றார்கள். செலவு குறையும், வேலையும் குறையும். ஆனால் எங்கள் பிள்ளைகளில் கால் வேகமான இரண்டு மூன்று பேர் அங்கே ஓடுவார்கள். மற்றவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். சின்னப் பள்ளியில் இருக்கிற ஒரே வசதி, எல்லாப் பிள்ளையும் ஓடலாம் என்பது. கடைசியாக வருகிற பிள்ளைக்கும் தன் பெயர் ஒலிபெருக்கியில் கேட்கும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

“இந்த வருசம் நான் நடத்துறேன்” என்றேன்.

தலைமையாசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சரிம்மா, இந்த ஒரு தடவ. திடல் காலியாக் கிடந்துச்சுன்னா, அடுத்த வருசத்துலேருந்து பெரிய ஸ்கூலோட சேந்துக்குவோம். அப்பறம் என்கிட்ட வந்து அழக்கூடாது.”

நான் படித்ததும் இதே பள்ளியில்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், ஆசிரியர் பயிற்சி முடித்த முதல் ஆளும் நானே. இதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சமே வராது. அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்கிறார். அப்பா லாரி ஓட்டுநருக்கு உதவியாகக் கூடப் போகிறவர். நான் ஓடிய காலத்தில், போட்டி நடக்கும் சனிக்கிழமை காலை இருவருக்கும் வேலை. வேலியோரம் யாராவது வந்து நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே ஓடுவேன். அப்படியும் ஜெயித்தேன், அது வேறு விஷயம்.

எங்கள் ஊரில் வசந்தம் என்று தனியாக ஒன்று இல்லை. சீனப் புத்தாண்டு முடிந்து சிவப்பு விளக்குகளை இன்னும் இறக்காத நாட்கள், அதன் பிறகு வரும் வெயில், அந்த வெயிலில் ஒருநாள் காலை அங்சானா மரங்கள் சொல்லிவைத்தாற்போல் மஞ்சளாகப் பூத்து மறுநாளே சாலையெல்லாம் கொட்டிக்கிடப்பது, இவைதான் எங்கள் வசந்தம். பள்ளிக்கு அது செய்திகள் நிறைந்த பருவம். எதிர்க்கடைச் சீனப் பெரியவர் வழக்கம்போல் பெட்டியோடு ஆரஞ்சு அனுப்பினார். நூலகத்து அலமாரிக்குப் பின்னால் பூனை குட்டி போட்டது. முதலாம் ஆண்டில் ஒருத்திக்கு இன்னும் அழுகை நிற்கவில்லை.

இந்தச் செய்திகளையெல்லாம் பள்ளி முன்பு தாளில் அச்சடித்துப் புத்தகப்பையில் வைத்து அனுப்பும். அவை பெரும்பாலும் பையின் அடியில் வாழைப்பழத்தோடு நசுங்கிக் கிடக்கும். என் அம்மாவைப் போல் படிக்கத் தெரியாதவர்கள் எங்கள் பெற்றோரில் குறைவு. ஆனால் ஷிஃப்ட் முடிந்து வந்து உட்கார்ந்து படிக்கத் தெம்புள்ளவர்கள் அதைவிடக் குறைவு. அதனால் நான் செய்தியைக் குரலாக்கினேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிள்ளை செய்தி வாசிக்கும், அதைப் பதிவு செய்து பெற்றோரின் வாட்சப் குழுவில் போடுவேன். முன்பல் இரண்டும் விழுந்த இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்திதான் நிரந்தரச் செய்தியாளர். அவள் வாயில் ‘விளையாட்டு’ என்ற சொல் காற்றோடு கலந்து வரும். அதைக் கேட்கவே ஆள் இருந்தது.

அம்மாவுக்கும் அனுப்புவேன். தொழிற்சாலைப் பேருந்தில் அவர் அதைச் சத்தமாகப் போடுவார். அந்தப் பேருந்தில் வருகிற பல பெண்களின் பிள்ளைகள் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறார்கள். முதல் வாரம் நானே பேசி அனுப்பியதைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னது, “என்னாடி, ரேடியோக்காரி மாதிரி இழுக்குற? நேரா சொல்லு.” அதன் பிறகுதான் வாசிப்பதைப் பிள்ளைகளிடம் விட்டேன்.

போட்டிக்கு முதல் சிக்கல் பயிற்சி. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நான்கு இல்ல அணிகள் வைத்து, அணிக்கொரு நாள் பள்ளி முடிந்து பயிற்சி கொடுப்பது பழைய வழக்கம். ஆனால் எங்கள் பிள்ளைகள் அநேகமாக இரண்டே வேனில் வருகிறவர்கள். ஒரு அக்கா ஓட்டும் வெள்ளை வேன் ஜெலுத்தோங் பக்கத்து அடுக்குமாடிப் பிள்ளைகளை ஏற்றிவரும். ஒரு அண்ணன் ஓட்டும் நீல வேன் ஆயர் ஈத்தாம் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிவரும். ஒரே வேனில் நான்கு நிறமும் இருந்தால் தினமும் வேன் காத்திருக்க வேண்டும். யார் காத்திருப்பார்கள்? அதனால் யாருமே பயிற்சிக்கு நிற்பதில்லை.

நான் நிறங்களைத் தூக்கிவிட்டேன். வெள்ளை வேன் ஒரு அணி, நீல வேன் ஒரு அணி. செவ்வாய்க்கிழமை வெள்ளை வேன் காத்திருக்கும், வியாழக்கிழமை நீல வேன். பெற்றோரின் மோட்டார்சைக்கிளில் வரும் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பக்கம் போகும் வேனோடு சேர்ந்துகொள்ளலாம். காத்திருக்கும் நேரத்தில் ஓட்டுநர்கள் என்ன செய்வார்கள் என்று நான் யோசிக்கவில்லை. இரண்டாம் வாரமே நீல வேன் அண்ணன் கழுத்தில் விசில் தொங்கியது. வெள்ளை வேன் அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, “காலத் தூக்குலா! ரொட்டி சானாய் சாப்புட்ட மாதிரி ஓடாத!” என்று திடல் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பிள்ளையை நான் மறந்துவிட்டேன். சங்கத் தலைவரின் மகள். பள்ளியிலேயே காரில் வருகிறவள் அவள் ஒருத்திதான். அவர்கள் வீட்டுப் பக்கம் எந்த வேனும் போவதில்லை. ஒரு வியாழக்கிழமை அவள் வந்து என் மேசையருகே நின்றாள்.

“டீச்சர், நான் எந்த அணி?”

“நீல வேன்ல சேந்துக்கம்மா.”

“நான் வேன்ல வர்றது இல்லையே டீச்சர். கார்ல வர்றேன்.”

“பரவால்ல. அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் நீல வேன்னு வச்சிக்க.”

“அது பொய் டீச்சர்.”

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “அப்பன்னா நீ தனியா ஓடுலா!” என்றாள்.

தலைவரின் மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தனியா இல்ல. எங்க கார்ல அப்பாவும் வர்றாரு.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆனால் பூனைக்கு வைத்துக் கொட்டிப்போன பாலைத் துடைக்கத் துணி வாங்க வந்து நின்ற எங்கள் செய்தியாளர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் செய்தி பதிவாகும் நேரத்தில் முதலாம் ஆண்டில் ஒருவனுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. கைப்பேசியை அவளிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் பெருமையாக, “அனுப்பிட்டேன் டீச்சர்” என்றாள். எப்போதும் நான் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன். போட்டுக் கேட்டேன். பூனைக்குட்டிகள் கண் திறந்த செய்திக்குப் பிறகு, அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வாசித்திருந்தாள்: “விளையாட்டுப் போட்டியில் மூன்று அணிகள். வெள்ளை வேன், நீல வேன், கார். கார் அணியில் ஒரு மாணவி. அவருடைய அப்பாவும் ஓடுவார். அவர் நம் பள்ளிச் சங்கத்தின் தலைவர் ஆவார்.”

அதற்குள் குழுவில் கைத்தட்டும் படங்கள் குவியத் தொடங்கிவிட்டன. என்றும் வாய் திறக்காத அப்பாக்கள்கூட வந்துவிட்டார்கள். ‘தலைவரே, பிரேக் புடிக்குமா?’ என்று ஒருவர். ‘டயர்ல காத்து பாத்துக்குங்கண்ணே’ என்று இன்னொருவர்.

மாலையில் தலைவர் அழைத்தார். “என்னா டீச்சர் இது? கடைக்கு டயர் மாத்த வர்றவன்லாம் ஓடுறதுக்குச் சப்பாத்து வாங்கிட்டீங்களான்னு கேக்குறான். மொதல்ல அத அழிங்க.”

“அழிச்சிடுறேன் சார். புள்ள செஞ்ச தப்பு. குழுவுலயும் சொல்லிடுறேன். ஆனா உங்க மகள்ட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க.”

அந்தப் பக்கம் டயரைத் தட்டுகிற ஒலி கேட்டது.

“அவ என்னா சொல்றா?”

“நேத்தே தொடர் ஓட்டத்துக்குப் பேட்டன் கட்டைய வாங்கிட்டுப் போயிட்டா சார். வீட்டுல பழகிப் பாக்கணுமாம்.”

அவர் பெருமூச்சு விட்டதை நான் ஆம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த நாட்களில் என்னிடம் யாரும் போட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. தலைவர் ஓடுவாரா என்றுதான் கேட்டார்கள். அம்மாவும் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, “உங்க தலைவரு ஓடுவாரா மாட்டாரா? பஸ்ல தொல்ல தாங்கல” என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, “சனிக்கிழம ஷிஃப்ட மாத்திக்கிட்டேன்” என்றார். நான் அப்பளத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

போட்டி நாளன்று விடிகாலையில் திடலுக்குப் போனபோது ஓட்டப்பாதை முழுக்க அங்சானாப் பூ. கோடு போட்ட சுண்ணாம்பே தெரியவில்லை. நீல வேன் அண்ணனும் நானும் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஜெலுத்தோங் அடுக்குமாடியிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து வெள்ளை வேன் பக்கம் பாய் விரித்தார்கள். எதிர்ப் பக்கம் ஆயர் ஈத்தாம்காரர்கள். நாற்காலிகள் போதவில்லை. தலைமையாசிரியர் தன் நாற்காலியை ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்துவிட்டுக் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். சிராப் தண்ணீர் கோணிப்பை ஓட்டத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

கடைசிப் போட்டி தொடர் ஓட்டம். அணிக்கு நான்கு பேர். கார் அணியில் இரண்டே பேர் என்பதால் மகள், அப்பா, மகள், அப்பா என்று முடிவாயிற்று. தலைவர் உரையாற்ற வந்த அதே பூப்போட்ட பாத்தேக் சட்டையோடு, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக் கோட்டில் நின்றார். மகள் முதல் சுற்றில் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்து அவர் கையில் பேட்டனைத் திணித்தாள். பாதித் தூரம்வரை அவர்தான் முன்னால். அதன் பிறகு வெள்ளை வேன் கடந்தது, நீல வேன் கடந்தது. அக்கா ஹாரனை அடித்தார், அண்ணன் விசிலை ஊதினார். மகள் மீண்டும் வாங்கி, இழந்ததில் பாதியை மீட்டுக் கொண்டுவந்தாள். கடைசிச் சுற்றில் அப்பா நடந்தார், ஓடினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெள்ளை வேன் ஜெயித்து முடித்துப் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கூட்டம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. “வாங்கண்ணே! வாங்க தலைவரே!” என்று இரண்டு பக்கமும் சேர்ந்து கத்தியது. கோட்டுக்கு அப்பால் மகள், “அப்பா, நிக்காதீங்க, காலு மட்டும் போடுங்க!” என்று குதித்தாள். வேலியோரம், மாற்றிக்கொண்ட ஷிஃப்ட் முடிந்து வந்த தொழிற்சாலைச் சீருடையோடு நின்று என் அம்மா தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். அவர் கைத்தட்டி நான் பார்த்தது அன்றுதான். எனக்காக இல்லை, ஒரு டயர் கடைக்காரருக்காக. பரவாயில்லை, திடல் என்னுடையது.

தலைவர் கோட்டைத் தாண்டி அப்படியே புல்லில் உட்கார்ந்தார். நான் எங்கிருந்தோ கொஞ்சம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்து முடித்துக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“டீச்சர், கைத்தட்ட ஆளு இருக்கு. கார்லதான் ஆளு பத்தல. அடுத்த வருசம் என் பொண்டாட்டியையும் எழுதிக்குங்க.”

தலைமையாசிரியர் பின்னாலிருந்து, “அடுத்த வருசம்னா இங்கதான, பெரிய ஸ்கூல்லயா?” என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டார். அப்பாவிடமிருந்து பேட்டனை வாங்கிப் பிடித்திருந்த மகள்தான் சொன்னாள்: “இங்கதான் டீச்சர். அங்க கார் அணி இருக்காது.”

திங்கட்கிழமை எனக்கு முதல் இரண்டு பாடவேளை இல்லை. திடல் மாநகர் மன்றத்துடையது, அதைப் பதிவு செய்ய அவர்கள் அலுவலகம் கதவு திறக்கும்போதே போய் நின்றேன். முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சீக்கிரம் அடுத்த ஆண்டுக்கு யாரும் கேட்பதில்லையே என்றார். எங்களுக்கு ஆள் அதிகம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். திடல் எங்களுக்கு உறுதியாகிவிட்டது. கூடவே, கூடாரம் இரண்டாக வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.