ஆரஞ்சுத் தோலைப் பற்றி நான் பாதி சொன்னது

பியூட்டி பார்லர் வேலை புருவத்தில் தொடங்கும். வீட்டில் யாருக்கும் காட்டாத இடத்தில் போய் முடியும்.

வாடிக்கையாளர் முன்னால் நின்று பிழைக்கிற உங்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஜவுளிக்கடையோ மெடிக்கல் ஷாப்போ, எங்கே நின்றாலும் நம்மிடம் எதையாவது கேட்பார்கள். நாமும் ஏதாவது பதில் சொல்லித் தொலைக்க வேண்டும். நான் பிளஸ் டூவைப் பாதியில் விட்டவள். கெமிஸ்ட்ரி புரியவில்லை, புரிகிறவரை உட்கார்ந்திருக்கப் பொறுமையும் இல்லை. பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் போகிற ரோட்டில் ஷீபா சேச்சியின் பார்லரில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே எழுதியிருப்பதெல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றி. தொடையிலும் பின்பக்கத்திலும் தோல் குழிகுழியாகத் தெரியுமே, செல்லுலைட் என்பார்கள், அது. அதைப் பற்றி எங்களிடம் வருகிற ரெஜினா அக்காவிடம் நான் ஒரு பேச்சுப் பேசினேன். அதில் அவருக்கு மூன்று மாதம் போய்விட்டது. நடுவில் சிரிக்கிற மாதிரியும் சிலது வரும். ஆனால் எழுத உட்கார்ந்தது அந்த மூன்று மாதத்துக்காக.

சுவரில் மாட்டிய படம்

கிரீம் கம்பெனி ஆள் ஒருவர் வந்து மசாஜ் அறைச் சுவரில் ஒரு படத்தை மாட்டிவிட்டுப் போனார். ஒரு பக்கம் பாதி ஆரஞ்சு, மறுபக்கம் ஒரு பெண்ணின் தொடை. கீழே பெரிய எழுத்தில் "ஆரஞ்சுத் தோலா? கவலை வேண்டாம்!" அதுவரை எங்களிடம் தொடைக்கு என்று யாரும் வந்ததில்லை. படம் வந்த மாதமே நாலு பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவர் அதியன்னூர்க்காரி, பேஷியலுக்கு வந்தவர். ஸ்டீமர் முன்னால் உட்கார்ந்தபடி திறந்த கதவு வழியே படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அறைக்குள் போய் சுரிதாரைச் சுருட்டித் தன் தொடையைப் பார்த்தார். வெளியே வந்தபோது முகம் தொங்கிவிட்டது. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். "எனக்கு எப்பிடித் தெரியும்? நேத்து வரைக்கும் அது வெறும் தொடையாக்கும், இந்தப் படத்தைப் பாத்த பொறவுதான் சீக்காச்சு."

குச்சிக் கால்

தடித்தவர்களுக்குத்தான் இது வரும் என்று நான் நினைத்திருந்தேன். அப்போதுதான் அஸ்வதி வந்தாள். பஸ்ஸில் தனுவச்சபுரம் காலேஜுக்கு வருகிற பிள்ளை, ரிலே ஓடுகிறவள். கால் இரண்டும் குச்சி. அவளுக்கும் குழி இருந்தது. பின்னால் ஓடிவந்த கூட்டுக்காரி ஒருத்தி, "எட்டி, உனக்க தொடை மழைக்குப் பொறவு உள்ள ரோடு மாதிரி இருக்கே" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாளாம். அதோடு இவள் அரை நிக்கர் போட மாட்டேன் என்று ஓட்டத்தையே நிறுத்திவிட்டாள்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. என்னுடைய பாவாடையைத் தூக்கி என் தொடையைக் காட்டினேன். "இஞ்ச பாரு, எனக்கும் உண்டு." நேர் மேலே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் தொடையும் கேவலமாகத் தெரிந்தது. கண் கூசுகிறதே என்று லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். வெளிச்சம் நேர் எதிரே வந்ததும் குழி பாதி காணாமல் போய்விட்டது. இரண்டு பேரும் மாறி மாறி லைட்டைப் போட்டும் அணைத்தும் பார்த்தோம். அஸ்வதி அன்றைக்கு எதுவும் செய்துகொள்ளாமல் பையை எடுத்தாள். அடுத்த வாரம் ஓடப் போனாள். அன்றைக்குக் கிளம்பும்போது அவள் சொன்னது: "அப்பம் டியூப் லைட்டுக்காக்கும் சிகிச்சை வேணும் அக்கா, எனக்கு வேண்டாம்."

இரண்டு போட்டோ

இதைப் போய் நான் ஷீபா சேச்சியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சேச்சி அதிலிருந்து தொழில் கண்டுபிடித்துவிட்டார். மசாஜுக்கு முன்னால் எடுக்கிற போட்டோவை டியூப் லைட்டுக்கு அடியில் எடு, பின்னால் எடுப்பதை ஜன்னல் பக்கம் எடு என்றார். முடியாது என்று சொன்னதாக எழுத எனக்கும் ஆசைதான். எடுத்தேன். ஒற்றசேகரமங்கலத்திலிருந்து வந்த ஒரு கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு போட்டோவும் எடுத்து அவள் போனுக்கே அனுப்பினேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். போட்டோவை ஒரு தடவை, தன் காலை ஒரு தடவை. சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்காமல் போனது. போனை என் பக்கம் திருப்பிக் காட்டிக் கேட்டாள்: "இதுல உள்ள காலு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, ஆனா கல்யாணத்தன்னைக்கு நான் எந்தக் காலு வச்சுப் போக?"

நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டர்

பிளீச் பட்டுப் பட்டு என் விரலெல்லாம் தடித்து அரிக்கத் தொடங்கியது. நெய்யாற்றின்கரையில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். நாற்பது வயசிருக்கும், பெண். கைக்கு மருந்து எழுதியதும், படத்தில் உள்ள விஷயத்தைக் கேட்டேன். இது எதனால் வருகிறது, போகுமா போகாதா?

அவர் நன்றாகவே சொன்னார். பஞ்சு மெத்தையில் அங்கங்கே நூல் போட்டு இழுத்துத் தைத்திருப்பார்களே, தைத்த இடம் குழியும், நடுவில் பஞ்சு புடைக்கும். தோலுக்கு அடியிலும் அதேதான். பஞ்சு என்பது கொழுப்பு, நூல் என்பது தோலைக் கீழே பிடித்து இழுக்கிற நார். பெண்களுக்கு அந்த நார் நேர்க்குத்தாக நிற்கும், ஆண்களுக்குக் குறுக்கும் மறுக்குமாக இருக்கும். அதனால் ஆண்களுக்கு அபூர்வம். பெண்களுக்குச் சுரக்கிற ஹார்மோன், அம்மா வழி அப்பா வழி உடல்வாகு, வயசாகித் தோல் மெலிவது எல்லாம் சேர்ந்தது. எடை கூடினால் அதிகமாகத் தெரியும். ஆனால் மெலிந்தவர்களுக்கும் உண்டு. கிரீம் போட்டால் தோல் கொஞ்சம் உப்பி அன்றைக்கு மறைக்கும். மசாஜும் அப்படித்தான், சில நாள் தாங்கினால் பெரிது. நடந்து, உடற்பயிற்சி செய்து தசை இறுகினால் கொஞ்சம் சமமாகத் தெரியும். லேசர், சூடு பாய்ச்சுகிற மெஷின், ஊசியால் உள்ளே நாரை அறுத்துவிடுவது என்று டாக்டர்கள் செய்கிற வழிகளும் உண்டு. சிலருக்கு நன்றாகக் குறையும், முழுசாகப் போகாது, திரும்பவும் வரலாம். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் ஒன்றும் ஆகாது.

எனக்கு வேண்டியது அந்தக் கடைசி வரிதான். எழுந்துவிட்டேன். "இன்னொண்ணு கேளு, இதே மாதிரி குழி வேற ஒரு எடத்துல வந்தா" என்று அவர் ஆரம்பித்தார். ஜன்னல் வழியே பாறசாலை பஸ் வந்து நிற்பது தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். பின்னால் அவர் குரல் கேட்டது: "இரி பிள்ளே, முழுசும் கேட்டுட்டுப் போ!"

ரெஜினா அக்கா

ஓணம் கழிந்த வாரம் ரெஜினா அக்கா வந்தார். காலேஜ் லைப்ரரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சபையில் கொயர் பாடுவார். நாற்பத்தாறு வயசு. வீட்டுக்காரர் மஸ்கட்டில், இரண்டு வருஷம் கழித்து இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருகிறார். அதற்குள் தொடை சரியாக வேண்டும். மேஜையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஏதோ குற்றம் செய்தவர் மாதிரிக் கேட்டார், இது பெரிய சீக்கா என்று.

நான் டாக்டர் மாதிரி மெத்தைக் கதையெல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்கிற ஜோரில் இதையும் சொன்னேன்: "அக்கா, ஆரஞ்சுத் தோல் நோயே இல்ல. பொம்பளைங்க முக்காவாசிப் பேருக்கும் உண்டு. அதுக்கு ஒரு டாக்டரும் வேண்டாம்." எனக்குப் பெருமையாக இருந்தது. கிரீம் விற்கிற கடையில் நின்றுகொண்டு உண்மை பேசுகிறவள் நான் ஒருத்திதான் என்று. ரெஜினா அக்காவும் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வருவதாகச் சொல்லி, என் கன்னத்தைத் தட்டினார். "நீ சொன்னதே பாதி மருந்தாக்கும் மக்கா, மீதிப் பாதிக்குக் கிரீமும் இருக்கட்டு."

ஆறாவது தடவை

டிசம்பர் பிறந்துவிட்டது. ஆறாவது மசாஜ் முடிந்ததும் ரெஜினா அக்கா மேஜையை விட்டு இறங்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பிளவுஸ் கொக்கியைக் கழற்றினார். "இஞ்சயும் கொஞ்சம் அந்தக் கிரீமைப் போட்டு விடுவியா?"

இடது மார்பு. கீழ்ப்பாதி முழுவதும் தோல் தடித்து, லேசாகச் சிவந்து, துளைதுளையாக இருந்தது. படத்தில் உள்ள ஆரஞ்சு அப்படியே. காம்பு கொஞ்சம் உள்ளே போயிருந்தது. தொட்டேன், வலது பக்கத்தைவிடச் சூடு. வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை. கட்டி ஏதாவது கையில் தட்டுகிறதா, அதுவும் இல்லை. எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். எங்கள் பார்லருக்கு முதல்முறை வந்ததற்கு அடுத்த வாரமாம். இவ்வளவு நாள் ஏன் யாரிடமும் காட்டவில்லை அக்கா என்று கேட்டேன். அவர் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். "நீதானே மக்கா சொன்ன, ஆரஞ்சுத் தோலுக்கு டாக்டர் வேண்டாம்னு."

ஸ்கூட்டர்

எனக்கு அது என்ன என்று தெரியாது. ஆனால் இதுவரை நான் பார்த்த தொடைகளில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும், அதுவும் சூடாக, நான் பார்த்ததில்லை. வெளியே போய் ஷீபா சேச்சியைக் கூப்பிட்டேன். "கஸ்டமரைப் பேடிப்பிக்காண்டாம், சும்மா பயம் காட்டாதே, கிரீமைப் போட்டு அனுப்பு" என்றுதான் சேச்சி உள்ளே வந்தார். பார்த்தார். ஸ்டீமரை அணைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

ரெஜினா அக்கா வர மாட்டேன் என்றார். வீட்டுக்காரர் வர இரண்டு வாரம்தான் இருக்கிறது, கிறிஸ்துமஸ் கழியட்டும், கொயர் பிராக்டிஸ் இருக்கிறது, ஆண் டாக்டர் என்றால் காட்டவே முடியாது. நான் கத்திவிட்டேன். "அக்கா, நான் சொன்னது தப்பு. தொடைக்குச் சொன்னேன், இதுக்கு இல்ல. முழுசும் கேக்காம வந்து பாதியை உங்ககிட்ட சொல்லிட்டேன். இப்பம் வாங்க." அவர் கொக்கியை மாட்டினார்.

சேச்சி ஸ்கூட்டரில் அவரைக் கூட்டிப் போனார், நான் பின்னால் பஸ்ஸில் போனேன். அதே தோல் டாக்டர். ஒரு நிமிஷம்தான் பார்த்தார். பால் கொடுக்காத ஒரு பெண்ணுக்கு மார்புத் தோல் இப்படி மாறினால், கட்டி இல்லாவிட்டாலும் வலி இல்லாவிட்டாலும், புற்றுநோய் இல்லை என்று பரிசோதித்துத் தெரிகிறவரை விடவே கூடாது என்றார். உடனே ஒரு சர்ஜனுக்குக் கடிதம் எழுதினார். கவரை ஒட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அன்னைக்கு நீ ஓடினப்பம் நான் சொல்ல வந்தது இதுதான்."

முடி வெட்ட வந்தது

புற்றுநோய்தான். சதை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் சிகிச்சை, முதலில் மருந்து ஏற்றுவது, பிறகு ஆபரேஷன், அதற்குப் பிறகு கதிர்வீச்சு வைப்பது. வீட்டுக்காரர் முன்னதாகவே வந்துவிட்டார். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் எப்படி என்று நான் சேச்சியை ஆஸ்பத்திரியில் கேட்கச் சொன்னேன். நல்லதாக இருந்திருக்கும் என்று சொன்னார்களாம். யாரும் அதை மழுப்பவில்லை, நானும் மழுப்பப் போவதில்லை.

முதல் மருந்து ஏறிய பிறகு ரெஜினா அக்கா பார்லருக்கு வந்தார். தலையணையில் முடி கிடக்கத் தொடங்கியிருந்தது. தானாகக் கொட்டுவதற்கு முன்னால் வெட்டிவிடச் சொன்னார். வெட்டினேன். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டு, மன்னிச்சிருங்க அக்கா என்றேன். கோபம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன். துணியை உதறி எழுந்து மசாஜ் அறை வாசலில் போய் நின்று படத்தைக் காட்டினார். "மன்னிப்பெல்லாம் பைய பாத்துக்கலாம், மொதல்ல இதுக்க கீழ மீதியை எழுதி வை."

மீதி

சேச்சி மலையாளத்தில் எழுதினார், நான் தமிழில் எழுதினேன். "தொடையில் என்றால் பயம் வேண்டாம். மார்பில் என்றால் இன்றே டாக்டரிடம் போங்கள்." ஸ்கெட்ச் பேனா, கோணல் எழுத்து. கிரீம் கம்பெனி ஆள் வந்து படத்தை அசிங்கப்படுத்திவிட்டீர்கள் என்று கழற்றப் பார்த்தார். சேச்சி விடவில்லை. ரெஜினா அக்காவுக்கு ஆபரேஷன் இன்னும் ஆகவில்லை. மூன்றாவது மருந்து ஏறியிருக்கிறது. கொயருக்குப் போனால் உட்கார்ந்துதான் பாடுகிறாராம்.

எழுதி வைத்ததை எல்லோரும் படிப்பதில்லை. அதனால் யார் வந்தாலும் நான் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன், மார்பில் தோல் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்கவும் செய்கிறேன். போன வாரம் ஒரு பெண் நூலுக்கு முகத்தை நீட்டிக்கொண்டிருந்தவள், பாதியில் என் கையைத் தட்டிவிட்டாள். "நான் புருவம் எடுக்க வந்தேன், நீ எதையெல்லாம் கேக்குதே?"

மொத்தத்தில் இந்தத் தொழிலில் நான் படித்தது இவ்வளவுதான்: நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்கு ஒரு பஸ்ஸை விட்டால் இருபது நிமிஷத்தில் அடுத்த பஸ் உண்டு.